எந்தத் தடுப்பு உடைந்தால் எந்தப் பூஞ்சை வரும்?

கேள்வி இது: எச்.ஐ.வி. தொற்று உள்ளவருக்கு வாயில் பூஞ்சை படர்கிறது. ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவருக்கு நுரையீரலில் வருகிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு மூக்கில் தொடங்கிக் கண்ணுக்கும் மூளைக்கும் ஏறுகிறது. மூன்றுக்கும் சொல்லப்படும் காரணம் ‘எதிர்ப்பு சக்தி குறைவு’. காரணம் ஒன்றே என்றால் இடமும் பூஞ்சையும் ஏன் மாறுகின்றன? பிறவியிலேயே நமக்கு இருக்கும் எதிர்ப்பு மண்டலம் பூஞ்சையை எப்படித்தான் கையாளுகிறது?

காரணம் ஒன்றல்ல. எதிர்ப்பு சக்தி என்று கூடவும் குறையவும் செய்கிற ஒற்றைச் சரக்கு எதுவும் உடலில் கிடையாது. தோல், சளிப்படலம், விழுங்கும் செல்கள், நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு, இரும்பைப் பதுக்கும் புரதங்கள் என்று தனித்தனித் தடுப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு பூஞ்சையும் இவற்றில் குறிப்பிட்ட ஒன்றிரண்டுக்குத்தான் அஞ்சுகிறது. எது உடைகிறதோ, அதற்கு அஞ்சியிருந்த பூஞ்சை உள்ளே வருகிறது. அதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர் பூஞ்சையின் பெயரையும் அது வந்த இடத்தையும் வைத்தே, நோயாளிக்கு எந்தத் தடுப்பு போயிருக்கிறது என்று பின்னோக்கிக் கணிக்கிறார். பாடநூல்கள் ‘இயல்பு நோய்த்தடைகாப்பு’ என்று சொல்லும் பிறவித் தடுப்பைப் புரிந்துகொள்ள இந்த வழியே எளிது.

விழுங்கும் செல்களுக்கும் முந்தைய தடுப்பு

பெயரிடப்பட்ட பூஞ்சை இனங்கள் ஏறக்குறைய ஒன்றரை லட்சம். மனிதருக்கு நோய் தருபவை சில நூறுதான். பெரும்பாலானவற்றை வடிகட்டிவிடுவது நம் உடல் வெப்பமே. 30 டிகிரி செல்சியஸிலிருந்து 40 வரை ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் சுமார் 6 சதவீதப் பூஞ்சைகள் வளர முடியாமல் விலகுகின்றன என்று 2009இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. செடிகளையும் பூச்சிகளையும் தவளைகளையும் பூஞ்சை கொத்துக் கொத்தாகக் கொல்வதற்கும், பாலூட்டிகளை அந்த அளவு தொடாததற்கும் இது முக்கியக் காரணம்.

அடுத்தது தோல். வறண்ட, உதிர்ந்துகொண்டே இருக்கும், கொழுப்பமிலம் பூசிய மேற்பரப்பு. மூச்சுக்குழாயில் சளியும் அதை மேலே தள்ளும் நுண்மயிர்களும் இருக்கின்றன. உமிழ்நீரில் ஹிஸ்டாட்டின்-5 என்ற சிறு புரதம் கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையைக் கொல்கிறது. வாய் உலர்ந்து போகிற மாத்திரை சாப்பிடுபவருக்கும், கழுத்தில் கதிரியக்கம் பெற்றவருக்கும் வாய்ப்பூஞ்சை வருவதற்கு இந்த உமிழ்நீர் இழப்பு ஒரு காரணம். குடலிலும் பெண்ணுறுப்பிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் இடத்தையும் உணவையும் பிடித்து வைத்திருக்கின்றன. ஆன்டிபயாடிக் அவற்றை அழித்தால் கேண்டிடா பெருகுகிறது.

ஐ.சி.யூ.வில் கேண்டிடா ரத்தத்தில் கலப்பது பெரும்பாலும் இந்த மேற்பரப்புத் தடுப்பு உடைவதால்தான். மையச் சிரையில் போட்ட குழாய் தோலைத் தாண்டிவிடுகிறது. வயிற்று அறுவை குடல்சுவரைத் திறக்கிறது. மருந்து மட்டும் கொடுத்துக் குழாயை அப்படியே விட்டால் ரத்தக் கல்ச்சர் நெகடிவ் ஆகாமல் இழுத்துக்கொண்டே போகலாம். கேண்டிடா பிளாஸ்டிக்கின் மேல் படலமாக ஒட்டியிருக்கிறது. நியூட்ரோஃபில் அந்தப் படலத்துக்குள் போய்க் கொல்ல முடிவதில்லை.

உடல் பூஞ்சையை அடையாளம் காண்பது எப்படி

பூஞ்சையின் செல் நம் செல்லைப் போலவே உட்கரு உள்ளது. பாக்டீரியாவைப் போல முற்றிலும் அந்நியமானது அல்ல. பூஞ்சைக்கு எதிரான மருந்துகள் குறைவாக இருப்பதும், இருப்பவை நம் சிறுநீரகத்தையும் ஈரலையும் பதம் பார்ப்பதும் இந்த ஒற்றுமையால்தான். ஆனால் நம்மிடம் இல்லாத ஒன்று அதனிடம் உண்டு, அது செல்சுவர். உள்ளடுக்கில் கைட்டின், அதன்மேல் பீட்டா-குளுகன், வெளியே மானான் சர்க்கரை கோத்த புரதங்கள். கேண்டிடாவின் சுவரில் பாதிக்கு மேல் குளுகன், கைட்டின் சில சதவீதமே. பிறவித் தடுப்பு தேடுவது இந்தச் சர்க்கரைகளைத்தான்.

இங்கே ஒரு வரலாற்று வேடிக்கை. டோல் என்ற ஏற்பி (செய்தியைப் பிடித்துச் செல்லுக்குள் அனுப்பும் புரதம்) நோய்த்தடுப்பில் பங்கெடுக்கிறது என்பது 1996இல் பழ ஈக்களில் தெரிந்தது. ஸ்ட்ராஸ்பர்க்கில் ஜூல்ஸ் ஹாஃப்மனின் ஆய்வகத்தில், டோல் மரபணு கெட்ட ஈக்களை ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை மூடிக் கொன்றது. 2011இல் ஹாஃப்மனுக்கு நோபல் பரிசு. ஈயில் பூஞ்சையை வைத்துக் கண்டுபிடிக்கப்பட்ட இந்த ஏற்பிக் குடும்பம், மனிதரில் பூஞ்சையை எதிர்க்கும் முதன்மைக் கருவியாக இல்லை. டோல் வழிப்பாதைக்குத் தேவையான மைடி88 அல்லது இராக்4 புரதம் பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்குச் சீழ் வைக்கும் பாக்டீரியாத் தொற்றுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பூஞ்சை அவர்களைப் பெரிதாகத் தேடி வருவதில்லை.

மனிதரில் முதன்மை வேலை சி-வகை லெக்டின் ஏற்பிகளுக்கு. அவற்றில் டெக்டின்-1 பீட்டா-குளுகனைப் பிடிக்கிறது என்று 2001இல் கார்டன் பிரவுனும் சியாமன் கார்டனும் காட்டினார்கள். டெக்டின்-2 மானானைப் பிடிக்கிறது. இவை மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல், நியூட்ரோஃபில், டென்டிரிடிக் செல் ஆகியவற்றின் மேற்பரப்பில் இருக்கின்றன. சர்க்கரை ஒட்டியதும் உள்ளே சிக் என்ற நொதி தூண்டப்படுகிறது. அது கார்டு9 என்ற இணைப்புப் புரதத்தை எழுப்ப, அழற்சி மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. நியூட்ரோஃபில்களை அழைக்கும் வேதிப்பொருட்களும், ஐ.எல்-1, ஐ.எல்-6, ஐ.எல்-23 போன்ற சைட்டோகைன்களும் (செல்களுக்கிடையே செய்தி சொல்லும் புரதங்கள்) வெளியாகின்றன.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி முக்கியம் என்பதை மனிதக் குடும்பங்களே காட்டிக்கொடுத்தன. 2009இல் இரண்டு அறிக்கைகள் வந்தன. நெதர்லாந்தில் டெக்டின்-1 பாதியில் அறுந்த ஒரு குடும்பத்தில் பெண்ணுறுப்பு கேண்டிடாவும் நகப்பூஞ்சையும் திரும்பத் திரும்ப வந்தன. தொல்லைதான், உயிருக்கு ஆபத்தில்லை. ஈரானில் கார்டு9 இரு பிரதியிலும் கெட்ட குடும்பத்திலோ மூளைவரை பூஞ்சை போனது. ஓர் ஏற்பி போனால் மற்றவை ஈடுகட்டும். எல்லா ஏற்பிகளின் செய்தியும் வந்து சேரும் சந்தியே கெட்டால் ஈடுகட்ட யாருமில்லை. கார்டு9 குறைபாட்டில் இன்னொரு விந்தை உண்டு. ஆஸ்பெர்ஜில்லஸ் வந்தால்கூட நுரையீரலை விட்டுவிட்டு வயிறு, மூளை என்று வேறு இடங்களில்தான் வருகிறது. அதே மரபணு ஒவ்வொரு உறுப்பிலும் வெவ்வேறு அளவுக்குத் தேவைப்படுகிறது.

பூஞ்சையும் சும்மா இருப்பதில்லை. கேண்டிடா தன் குளுகனை மானானுக்கு அடியில் மறைக்கிறது. மொட்டு பிரிந்த தழும்பில்தான் குளுகன் வெளியே தெரியும். இழையாக நீளும்போது அந்தத் தழும்பும் விழுவதில்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் வித்து ரோட்-ஏ என்ற நீர் ஒட்டாத புரத உறை போர்த்திக்கொள்கிறது. அடியில் மெலனின். ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை ஆல்ஃபா-குளுகனைப் பூசி பீட்டா-குளுகனை ஒளிக்கிறது. கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை முழுச் செல்லையும் தடித்த சர்க்கரைக் கூழுக்குள் வைத்துக்கொள்கிறது. எக்கினோகேண்டின் வகை மருந்துகள் குளுகன் உற்பத்தியைத் தடுப்பவை. கொல்லாத அளவுக்குக் குறைவாக இருந்தாலும் அவை சுவரின் கட்டைக் கலைத்து, மறைந்திருந்த குளுகனை வெளியே காட்டிவிடுகின்றன. மேக்ரோஃபேஜுக்கு அது போதும்.

நுரையீரல்: எண்ணிக்கையின் கணக்கு

நாம் ஒவ்வொருவரும் தினமும் நூற்றுக்கணக்கான ஆஸ்பெர்ஜில்லஸ் வித்துகளைச் சுவாசிக்கிறோம். ஒரு வித்து 2 முதல் 3 மைக்ரான்தான் என்பதால் காற்றுப்பைவரை தடையில்லாமல் போகும். உறங்கும் வித்து உறை போர்த்தியிருப்பதால் அழற்சியைத் தூண்டாது. இது நமக்கு நல்லதே. ஒவ்வொரு வித்துக்கும் நுரையீரல் கொந்தளித்தால் மூச்சுவிட முடியாது. ஈரமும் வெப்பமும் பட்டு வித்து ஊதும்போது உறை கிழிகிறது, குளுகன் தெரிகிறது. அந்த நேரத்தில் காற்றுப்பையின் மேக்ரோஃபேஜ் அதை விழுங்கி அமிலத்தாலும் நொதிகளாலும் செரிக்கிறது. வித்தின் மெலனின் இந்தச் செரிமானத்தைத் தடுக்கப் பார்க்கும். எதிராக மெல்லெக் என்ற ஏற்பி அந்த மெலனினையே அடையாளமாகப் பிடிக்கிறது (2018இல் தெரியவந்தது).

மேக்ரோஃபேஜ் தவறவிட்ட வித்து சில மணி நேரத்தில் முளைத்து இழையாகிறது. இழையை விழுங்க முடியாது. அது செல்லைவிடப் பல மடங்கு நீளம். இங்கேதான் நியூட்ரோஃபிலின் வேலை. அது இழையின்மேல் படர்ந்து ஒட்டி, என்.ஏ.டி.பி.எச். ஆக்சிடேஸ் என்ற நொதித் தொகுப்பால் சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவற்றை உண்டாக்கித் தாக்குகிறது. இன்னும் ஒரு வழி இருக்கிறது. தன் டி.என்.ஏ.வையே வலையாக வெளியே வீசுவது. எதிரி சிறியதா பெரியதா என்று நியூட்ரோஃபில் அளந்துதான் இதைச் செய்கிறது. விழுங்க முடிந்தால் வலை வீசாது. விழுங்க முடியாத இழையைக் கண்டால் வீசும். வலையிலுள்ள கால்புரோடெக்டின் என்ற புரதம் துத்தநாகத்தையும் மாங்கனீசையும் பற்றிக்கொண்டு பூஞ்சையைப் பட்டினி போடுகிறது.

ஆக, இரண்டு விதமாக இந்தத் தடுப்பு உடையலாம். ஒன்று, நியூட்ரோஃபில் எண்ணிக்கை வீழ்வது. மொத்த வெள்ளையணு எண்ணிக்கையை நியூட்ரோஃபில் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்தால் உண்மை எண் கிடைக்கும். மொத்தம் 1,200, நியூட்ரோஃபில் 20 சதவீதம் என்றால் மைக்ரோலிட்டருக்கு 240. இயல்பின் கீழெல்லை சுமார் 1,500. 500க்குக் கீழே போனால் ஆபத்து. அது 10 நாளுக்கு மேல் நீடித்தால் ஊடுருவும் ஆஸ்பெர்ஜில்லஸ் நோய் கண்முன் நிற்கும் ஆபத்து. மூன்று நான்கு நாள் மட்டும் வீழ்ந்து எழும் கீமோ திட்டங்களில் இது அரிது. அக்யூட் மைலாய்டு லுக்கீமியாவில் அடிக்கடி வருவதற்கு இந்த நாள் கணக்கே காரணம். அங்கே தடுப்பு மருந்தாகப் போசகோனசோல் என்ற பூஞ்சை மருந்து கொடுப்பது வழக்கம்.

இரண்டாவது, எண்ணிக்கை இருந்தும் வேலை செய்யாதது. பிறவியிலேயே என்.ஏ.டி.பி.எச். ஆக்சிடேஸ் கெட்டிருக்கும் நாள்பட்ட கிரானுலோமா நோயில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை சரியாகவே இருக்கும், சில நேரம் கூடுதலாகவும் இருக்கும். ஆனால் ஆஸ்பெர்ஜில்லஸ் அந்தக் குழந்தைகளைத் திரும்பத் திரும்பத் தாக்கும். சாதாரணமாக யாருக்கும் நோய் தராத ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் ஒரு குழந்தையின் நுரையீரலில் வளர்ந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த நோயைத்தான். சோதனை எளிது: டைஹைட்ரோரோடமின் சாயத்தை நியூட்ரோஃபிலுக்குள் ஏற்றித் தூண்டி, அது ஒளிர்கிறதா என்று ஃப்ளோ சைட்டோமீட்டரில் பார்ப்பது. ஒளிராவிட்டால் நொதி வேலை செய்யவில்லை. ரத்தம் எடுத்த பின் நேரம் கடந்தால் செல்கள் செத்துப் பொய்யான முடிவு வரும். அதனால் மாதிரியைத் தாமதிக்காமல் அனுப்ப வேண்டும், கூடவே நோயில்லாத ஒருவரின் ரத்தத்தையும் அதே பயணத்தில் அனுப்ப வேண்டும். இந்தக் குழந்தைகளுக்கு இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைத் தொடர்ந்து கொடுப்பது வழக்கம். மக்கிய இலை, உரக்குழி, பழைய வைக்கோல் இவற்றைக் கிளறும் வேலைக்கு அவர்களை விடக்கூடாது. ஒரே மூச்சில் இறங்கும் ஏராளமான வித்துகள் உயிரையே பறித்துவிடலாம்.

ஸ்டீராய்டு இந்த இரண்டாம் வகையில் சேரும். ஏமாற்றுவதும் அதுதான். ஸ்டீராய்டு கொடுத்தால் ரத்தநாளச் சுவரில் ஒட்டியிருந்த நியூட்ரோஃபில்கள் கழன்று ரத்தத்தில் மிதக்கும். ரிப்போர்ட்டில் எண்ணிக்கை ஏறித் தெரியும். ஆனால் அவை திசுவுக்குள் இறங்குவது குறைந்திருக்கும். மேக்ரோஃபேஜ் விழுங்கிய வித்தைக் கொல்லும் திறனும் குறைந்திருக்கும். ‘கவுண்ட் நன்றாக இருக்கிறது, பூஞ்சைக்கு வாய்ப்பில்லை’ என்று இந்த நோயாளியிடம் முடிவுகட்டக் கூடாது. ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் ஐப்ரூட்டினிப் மாத்திரையும் இதே வகை. நியூட்ரோஃபில் குறையாமலே, மேக்ரோஃபேஜும் நியூட்ரோஃபிலும் இயங்கத் தேவையான பி.டி.கே. நொதியைத் தடுத்து ஆஸ்பெர்ஜில்லஸுக்கு வழிவிடுகிறது.

இன்னொரு பொறி, நியூட்ரோஃபில் திரும்ப வரும்போது வருவது. சிகிச்சை தொடங்கி முதல் ஒரு வாரம் பத்து நாளில், கவுண்ட் ஏறும் நேரத்தில், சி.டி.யில் நுரையீரல் கட்டி பெரிதாகத் தெரியும். இருமலில் ரத்தமும் வரலாம். மருந்து தோற்றுவிட்டது என்று அவசரப்பட்டு மாற்றிவிடுவார்கள். பல நேரம் அது வந்து சேர்ந்த படையின் அழற்சிதான். நோயாளியின் நிலை, காய்ச்சல், ரத்தத்தில் கேலக்டோமானான் (ஆஸ்பெர்ஜில்லஸின் சுவர்ச் சர்க்கரை) அளவு மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் படத்தை மட்டும் நம்பினால் தவறும்.

வாயும் பெண்ணுறுப்பும்: வேறொரு படை

எச்.ஐ.வி. நோயாளியின் வாயில் வெண்படலம் படர்ந்திருக்கும். ஆனால் அவர் ரத்தத்தில் கேண்டிடா கலப்பது அரிது. கீமோ நோயாளிக்கு ரத்தத்திலேயே கலக்கும். காரணம், ரத்தத்தையும் உள்ளுறுப்புகளையும் காப்பது நியூட்ரோஃபில். எச்.ஐ.வி.யில் அது பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது. சளிப்படலத்தைக் காப்பதோ ஐ.எல்-17 என்ற சைட்டோகைன். அதைத் தொடர்ந்து சுரக்கும் முக்கியச் செல்கள் சி.டி.4 என்ற டி செல் வகையில் வருகின்றன. எச்.ஐ.வி. அவற்றைத்தான் அழிக்கிறது.

கேண்டிடா நம்மில் பலரின் வாயிலும் குடலிலும் ஈஸ்ட் வடிவில் அமைதியாக வாழ்கிறது. அதைச் சும்மா விடுவதா, எதிர்ப்பதா என்று சளிப்படலச் செல் முடிவெடுக்க வேண்டும். ஈஸ்ட் சிறு அளவில் இருந்தால் செல் கண்டுகொள்வதில்லை. இழையாக நீண்டு குத்தத் தொடங்கினால், அது கேண்டிடாலைசின் என்ற நச்சைக் கக்கும். 31 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தச் சிறு புரதம் செல்லின் சவ்வில் துளையிடுகிறது. 2016இல்தான் அடையாளம் காணப்பட்டது. மனிதரைத் தாக்கும் பூஞ்சையொன்றில் செல்லைத் துளைத்து அழிக்கும் புரத நச்சு கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை. துளைபட்ட செல் அபாயச் செய்தி அனுப்புகிறது. ஐ.எல்-1ம் நியூட்ரோஃபிலை அழைக்கும் பொருட்களும் வெளியாகின்றன. சளிப்படலத்திலேயே குடியிருக்கும் காமா-டெல்டா டி செல்களும் பிறவி லிம்ஃபாய்டு செல்களும் உடனே ஐ.எல்-17 சுரக்கின்றன. ஐ.எல்-17 பட்ட படலச் செல்கள் டிஃபென்சின் போன்ற கிருமிக்கொல்லிப் புரதங்களைக் கூட்டுகின்றன. பூஞ்சையைக் காட்டிக்கொடுப்பதே அதன் ஆயுதம்தான் என்பது இந்த ஏற்பாட்டின் அழகு. இழையாகாத கேண்டிடா அலாரம் அடிப்பதில்லை, அலாரம் அடிக்கும் தேவையும் இல்லை.

ஐ.எல்-17ஐப் பிறவியிலேயே பெற முடியாதவர்களுக்கும், எஸ்.டி.ஏ.டி.1 மரபணு மிகையாக இயங்குபவர்களுக்கும் குழந்தைப் பருவம் முதல் வாயிலும் நகத்திலும் கேண்டிடா நீங்காமல் இருக்கும். சோரியாசிஸுக்கு ஐ.எல்-17ஐத் தடுக்கும் செகுகினுமாப் ஊசி போடுபவர்களில் சிலருக்கு வாயிலும் தொண்டையிலும் இலேசான கேண்டிடா வருவதற்கும் இதே காரணம். பெரும்பாலும் ஃப்ளூகோனசோலுக்கு அடங்கிவிடும், ஊசியை நிறுத்த வேண்டியதில்லை.

பெண்ணுறுப்பு மட்டும் இந்த விதிக்குள் அடங்குவதில்லை. அங்கே வரும் அரிப்பும் எரிச்சலும் வெள்ளைப்படுதலும் எதிர்ப்பு குறைந்ததால் அல்ல. நியூட்ரோஃபில் கூட்டம் கூட்டமாக வருகிறது, ஆனால் அந்தச் சூழலில் பூஞ்சையைக் கொல்ல முடியாமல் அழற்சியை மட்டும் கூட்டுகிறது. ஆரோக்கியமான பெண்களுக்கும் இது வருவதற்கு அதுதான் காரணம். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை வந்துவிட்டதால் ‘எதிர்ப்பு சக்தி போய்விட்டது’ என்று பயந்து எச்.ஐ.வி. டெஸ்டிலிருந்து புற்றுநோய் டெஸ்ட்வரை ஓட வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை அளவும் சமீபத்தில் எடுத்த ஆன்டிபயாடிக்கும்.

மூக்கு: இரும்பும் சர்க்கரையும்

2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது இந்தியாவில் 45,000க்கு மேற்பட்டோருக்குக் கருப்புப் பூஞ்சை என்கிற மியூகார்மைக்கோசிஸ் வந்தது. தமிழ்நாடு அந்த மே மாதமே இதை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. மாஸ்க், ஆக்சிஜன் ஈரப்பதமூட்டியின் குழாய்த் தண்ணீர், ஆவி பிடித்தது என்று பல குற்றவாளிகளைத் தேடினார்கள். வித்து எப்போதும் காற்றில் இருப்பது. மாறியது உடல். எப்படி மாறியது என்பதற்குப் பிறவித் தடுப்பில் தெளிவான விடை இருக்கிறது.

கருப்புப் பூஞ்சை நோய் தரும் ரைசோபஸ் வகைப் பூஞ்சைக்கு இரும்பு வேண்டும். சாதாரண நிலையில் ரத்தத்தின் இரும்பை டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இறுகப் பிடித்திருக்கும். மேக்ரோஃபேஜ் விழுங்கிய வித்துக்கும் இரும்பை விடாது. அந்த வித்து சாகாவிட்டாலும் முளைக்காமல் கிடக்கும். சர்க்கரை ஏறிக் கீட்டோ அமிலம் சேர்ந்தால் ரத்தம் அமிலத்தன்மை அடைந்து டிரான்ஸ்ஃபெரின் பிடி தளர்கிறது, இரும்பு விடுபடுகிறது. அதே சர்க்கரையும் கீட்டோனும் ரத்தநாளச் செல்களின் மேல் ஜி.ஆர்.பி.78 என்ற புரதத்தைக் கூட்டுகின்றன. ரைசோபஸின் மேலுள்ள காட்-எச் புரதம் பற்றி ஏற அதுதான் கொக்கி. நியூட்ரோஃபில் அமிலச் சூழலில் மந்தமாக நகர்கிறது. இதன் மேல் ஸ்டீராய்டு. ஆக்சிஜன் தேவைப்படும் கொரோனா நோயாளிக்கு டெக்சாமெத்தசோன் தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள் என்பதே பரிந்துரை. அதைத் தாண்டிய அளவிலும், ஆக்சிஜன் தேவைப்படாதவருக்கும், சர்க்கரை பார்க்காமலும் கொடுக்கப்பட்ட இடங்களில் இந்த மூன்று கதவும் ஒரே நேரத்தில் திறந்தன.

பூஞ்சை ரத்தநாளத்துக்குள் வளர்ந்து அடைத்துவிடுவதால் அந்தத் திசு ரத்தமின்றிச் செத்துக் கருக்கிறது. அடைபட்ட இடத்துக்கு நியூட்ரோஃபிலும் போகாது, ஆம்ஃபோடெரிசின் என்ற பூஞ்சை மருந்தும் போகாது. உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், மூளையில் இருந்தால் 10 வரை அதன் லைப்போசோமல் வடிவத்தைக் கொடுத்தாலும், செத்த திசுவை வெட்டி எடுக்காவிட்டால் நோய் நிற்காமல் போவது இதனால்தான். மூன்றாவது தூண் சர்க்கரையையும் அமிலத்தையும் அன்றே சரிசெய்வது. இரும்பு தேவை என்றால் இரும்பைப் பிடுங்கும் மருந்து கொடுக்கலாமே என்று தோன்றும். அப்படியொரு மருந்தான டெஃபெராக்சமினை ரைசோபஸ் தன் இரும்புத் தூதுவனாகவே பயன்படுத்திக்கொள்கிறது, நோய் முற்றும். இன்னொன்றான டெஃபெராசிராக்ஸை ஆம்ஃபோடெரிசினோடு சேர்த்துப் பார்த்த சிறிய சோதனையில் அந்தக் குழுவில்தான் இறப்பு அதிகமானது. ஆய்வகத்தில் சரியாகத் தோன்றுவது படுக்கையருகே பொய்க்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மூளையும் தோலும், சுருக்கமாக

கிரிப்டோகாக்கஸைப் பிறவித் தடுப்பு தனியாகக் கொல்ல முடியாது. புறா எச்சத்திலிருந்து நுரையீரலுக்கு வரும் அதை மேக்ரோஃபேஜ் விழுங்கும், ஆனால் அது உள்ளேயே பெருகும். சில நேரம் மேக்ரோஃபேஜைக் கொல்லாமலே வெளியே வந்துவிடும். டி செல் அனுப்பும் இன்டர்ஃபெரான்-காமா கிடைத்தால்தான் மேக்ரோஃபேஜுக்குக் கொல்லும் பலம் வருகிறது. அதனால் சி.டி.4 எண்ணிக்கை 100க்குக் கீழே போன எச்.ஐ.வி. நோயாளிக்குத் தலைவலி இல்லாவிட்டாலும் ரத்தத்தில் கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் பார்க்க வேண்டும். மூளைக்காய்ச்சலாக வந்துவிட்டால் எச்.ஐ.வி. மருந்தை உடனே தொடங்காமல் 4 முதல் 6 வாரம் பொறுப்பதுதான் முறை. திடீரென்று திரும்பும் எதிர்ப்பு, இறந்த பூஞ்சையின் மிச்சத்தைத் தாக்கி மூளை அழுத்தத்தை ஏற்றிவிடும்.

தோலில் வரும் படர்தாமரையில் சிவப்பும் அரிப்பும் செதிலும் உடல் பூஞ்சையைத் தள்ளுவதன் அடையாளம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் கிடைக்கும் மூன்று மருந்து கலந்த க்ரீமில் குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் இருந்தால், அந்தத் தள்ளுதல் நிற்கிறது. இரண்டு நாளில் சிவப்பும் அரிப்பும் போகும், பூஞ்சை சத்தமில்லாமல் விரியும். நிறுத்தினால் முன்பைவிடப் பெரிய வட்டம். விளிம்பு மங்கி, பார்த்தவுடன் படர்தாமரை என்று தெரியாத உருவத்துக்கும் மாறிவிடும். தோலைச் சுரண்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டி மைக்ராஸ்கோப்பில் இழை பார்ப்பது மலிவான சோதனை. அதைச் செய்யாமல் ட்யூப் மேல் ட்யூப் மாற்றுவதில் அர்த்தமில்லை.

பீட்டா-குளுகன் மோனோசைட்டுகளைப் ‘பழக்கி’ அடுத்த தொற்றுக்கு வேகமாக எதிர்வினை செய்ய வைக்கிறது என்பது 2012 முதல் நன்கு ஆராயப்பட்ட உண்மை. அதை வைத்துக் காளான் மாத்திரை விற்பவர்கள் சொல்வதற்கு அந்த ஆய்வுகள் பொறுப்பல்ல. மேலே சொன்ன எந்த நோயாளிக்கும் மாத்திரையால் நியூட்ரோஃபில் ஏறாது, கீட்டோ அமிலம் இறங்காது.

டெஸ்ட் ரிப்போர்ட்டைப் படிக்கும்போது

மருத்துவமனையில் கேட்கும் ‘பீட்டா-டி-குளுகன்’ சோதனை, குதிரைலாட நண்டின் பிறவித் தடுப்பிலிருந்து இரவல் வாங்கியது. குளுகன் பட்டால் அந்த நண்டின் ரத்தம் உறையும். நம் டெக்டின்-1 தேடும் அதே சர்க்கரையை அது தேடுகிறது. பரவலாகப் பயன்படும் ஒரு கிட்டில் மில்லிலிட்டருக்கு 80 பைக்கோகிராமும் அதற்கு மேலும் பாசிட்டிவ். கேண்டிடா, ஆஸ்பெர்ஜில்லஸ், நுரையீரலைத் தாக்கும் நியூமோசிஸ்டிஸ் பூஞ்சை மூன்றிலும் ஏறும். செல்லுலோஸ் சவ்வில் டயாலிசிஸ் செய்தவருக்கும், இம்யூனோகுளோபுலின் ஏற்றியவருக்கும், காயத்தில் பஞ்சுத்துணி நிறைய வைத்தவருக்கும் பூஞ்சையே இல்லாமலும் ஏறும். கேலக்டோமானான் ஆஸ்பெர்ஜில்லஸுக்கானது, ரத்தத்தில் 0.5 குறியீட்டைப் பலரும் எல்லையாக வைக்கிறார்கள். நியூட்ரோஃபில் உள்ளவரின் ரத்தத்தில் அது சீக்கிரம் துடைக்கப்பட்டுவிடும். எனவே ஸ்டீராய்டு நோயாளியிடம் ரத்தத்தைவிட மூச்சுக்குழாய் கழுவிய நீரில் பார்ப்பது பலன் தரும். கருப்புப் பூஞ்சை நோய் தரும் மியூகார் வகைகளில் இந்த இரண்டு சோதனையும் நெகடிவாகவே வரும். அவற்றின் சுவரில் கேலக்டோமானான் இல்லை, பிடிபடும் அளவு பீட்டா-குளுகனும் இல்லை. சர்க்கரை 400 இருக்கும் ஒருவரின் முகம் ஒரு பக்கம் மரத்து, மூக்கில் கருத்த பொருக்கு தெரிந்தால், இரண்டு நெகடிவ் ரிப்போர்ட்டை வைத்துக் காத்திருக்காமல் அன்றே மூக்கின் உள்ளே எண்டோஸ்கோப் விட்டுத் திசு எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அகன்ற, தடுப்புச்சுவர் அரிதான இழை தெரிந்தால் கல்ச்சர் வரும்வரை ஆம்ஃபோடெரிசினைத் தள்ளிப்போடக் கூடாது.